என்சிஏஏ ரூல்ஸ் கமிட்டிக்கு: விழுந்தவன் நடிக்கறானான்னு தேடாதீங்க

அமெரிக்க காலேஜ் விளையாட்டுக்கு ரூல் எழுதற என்சிஏஏவோட ஃபுட்பால் ரூல்ஸ் கமிட்டில இருக்கற பெரியவங்களுக்கு வணக்கம்.

இத தமிழ்ல எழுதறேன், நீங்க படிக்கப் போறதில்லன்னு தெரிஞ்சுதான் எழுதறேன். இங்கிலீஷ்ல சுருக்கமா ஒண்ணு தனியா அனுப்பிக்கறேன். ஆனா கோபம் வந்தா எனக்கு வார்த்தை தமிழ்லதான் வருது, அதோட இங்க டெக்சஸ்ல பையன ஃபுட்பால்ல சேர்த்து விட்டுட்டு ஸ்டாண்ட்ல ஒண்ணும் புரியாம உக்காந்திருக்கற நம்ம ஊர் அப்பா அம்மா நிறைய பேர் இருக்காங்க, அவங்களும் படிக்கட்டும்.

நான் டல்லாஸ் பக்கம் இருக்கேன். மதுரைல பொறந்து கிரிக்கெட்டும் கபடியும் பாத்து வளந்தவன், பந்த கைல தூக்கிட்டு ஓடறதுக்கு ஏன்டா ஃபுட்பால்னு பேர் வச்சீங்கன்னு முதல் ரெண்டு வருஷம் சிரிச்சவன், இப்போ சனிக்கிழமை காலைல டிவி முன்னாடி உக்காந்தா ராத்திரி வரைக்கும் எந்திரிக்க மாட்டேன். பையன் ஒன்பதாவது படிக்கறான், கார்னர்பேக் ஆடறான், எதிர் டீம்ல பந்தப் பிடிக்க ஓடற ரிசீவர மறிக்கற வேலை. டெக்சஸ்ல ஹைஸ்கூல் ஆட்டம் கூட சில விதிவிலக்கோட உங்க ரூல்புக்லதான் ஓடுது, அதனால நீங்க ஒரு ரூம்ல உக்காந்து எழுதற ஒவ்வொரு வரியும் வியாழக்கிழமை சாயங்காலம் என் பையன் தலைமேல வந்து விழுது. அந்த உரிமைலதான், ஆட்டத்த நிறுத்த அடிபட்ட மாதிரி விழறாங்கல்ல, அதப் பத்திப் பேசறேன்.

விஷயம் தெரியாதவங்களுக்கு ஒரு நிமிஷம். இந்த ஆட்டத்துல ஒவ்வொரு ப்ளே, அதாவது பந்து ஒரு தடவ நகந்து நிக்கற வரைக்கும் உள்ள ஆட்டம், முடிஞ்சதும் ஒரு சின்ன இடைவெளி வரும். பந்து வச்சிருக்கற டீம், அதாவது அஃபென்ஸ், ஆள மாத்தினா எதிர் டீமும் ஆள மாத்திக்க ரெஃப்ரி நேரம் குடுக்கணும். ஆள மாத்தாம, கூடிப் பேசாம, அப்படியே ஓடி வந்து அடுத்த ப்ளேய ஆரம்பிச்சா டிஃபென்ஸுக்கு மூச்சு விடக்கூட நேரம் இருக்காது, 140 கிலோ ஆளு இடுப்புல கைய வச்சிக்கிட்டு நாக்கத் தள்ளிட்டு நிப்பான், அவன வெளிய இழுக்கவும் முடியாது. இதுக்குப் பேரு டெம்போ. இத நிறுத்த டிஃபென்ஸுக்கு ரெண்டே வழி. கைல இருக்கற டைம்அவுட்ட செலவு பண்ணணும், பாதி ஆட்டத்துக்கு மூணுதான் இருக்கும். இல்லன்னா எவனாவது ஒருத்தன் காலப் பிடிச்சிக்கிட்டு கீழ விழணும். அது ஃப்ரீ.

ஃப்ரீயா கிடைச்சா யார் விடுவா?

இது நேத்து ஆரம்பிச்ச கூத்து இல்லன்னு உங்களுக்கே தெரியும். 1988 சீசன்ல, என்எஃப்எல்ங்கற ப்ரொஃபஷனல் லீக்ல, சின்சினாட்டி பெங்கால்ஸ் கோச் சாம் வைச் ஹடிலே இல்லாம, அதாவது ஆளுங்க கூடிப் பேசாம, ஆட ஆரம்பிச்சாரு, ப்ளேஆஃப்ல சியாட்டில் டீமோட டிஃபென்ஸ் ஆளு ஜோ நாஷ் திரும்பத் திரும்ப கீழ விழுந்து ஆட்டத்த நிறுத்தினாரு. அடுத்த வாரம் பஃபலோ பில்ஸோட செமி ஃபைனல் மாதிரியான ஆட்டம், பஃபலோ கோச் மார்வ் லெவி நாங்களும் விழுவோம்னு முன்னாடியே சொல்லிட்டாரு, கடைசில ஆட்டம் ஆரம்பிக்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது லீக் போய் மிரட்டினது யாரன்னு நினைக்கறீங்க? விழறவங்கள இல்ல, வேகமா ஆடற வைச்ச! இதுல காமெடி என்னன்னா அதே பஃபலோ அடுத்த ரெண்டு மூணு வருஷத்துல அதே நோ-ஹடில எடுத்துக்கிட்டு வரிசையா நாலு சூப்பர் பவுலுக்குப் போச்சு.

2010ல கலிஃபோர்னியா பெர்க்லி, ஓரிகன் ஆட்டம் ஞாபகம் இருக்கும். ஓரிகன் அப்போ நம்பர் 1, ஆட்டத்துக்கு சராசரியா 50 பாயிண்டுக்கு மேல அடிச்சிட்டிருந்த டீம், அன்னைக்கு 15-13னு தட்டுத் தடுமாறி ஜெயிச்சுது. பெர்க்லி பையன் ஒருத்தன் நல்லா நின்னுட்டிருந்தவன் சைட்லைனப் பாத்தான், பொத்துனு விழுந்தான், வீடியோ இன்னும் சுத்துது. விழச் சொன்னது நான்தான்னு டிஃபென்சிவ் லைன் கோச் டாஷ் லுப்போய் ஒத்துக்கிட்டாரு, ஒரு மேட்ச் சஸ்பென்ஷன். 2022ல அதே மனுஷன் எங்க டிஃபென்சிவ் கோஆர்டினேட்டரா போனாரு தெரியுமா, ஓரிகனுக்கு. சத்தியமா. தப்பு பண்ணவர் வாழ்க்கைல முன்னேறக் கூடாதுன்னு சொல்லல, ஆனா இந்தத் தொழில்ல இது ஒரு தப்பாவே யாரும் நினைக்கலங்கறதுக்கு இதவிட என்ன வேணும். சிகாகோ பேர்ஸ்ல ஆடின பிரையன் அர்லாக்கர் ரிட்டயர் ஆனப்புறம் டிவிலயே சொன்னாரு, சைட்லைன்ல கோச் டைவ் அடிக்கற மாதிரி சைகை காட்டுவாரு, விழறதுக்குன்னே ஒரு ஆள் இருப்பான்னு.

இப்ப நீங்க என்ன பண்ணீங்கன்னு பாப்போம். 2022ல, சந்தேகமா இருந்தா ஆட்டம் முடிஞ்சப்புறம் வீடியோ அனுப்புங்க பாக்கறோம்னு ஒரு ஏற்பாடு. பாத்து என்ன பண்ணுவீங்க? அந்த டீம் சேந்திருக்கற கூட்டமைப்பு, அதான் கான்ஃபரன்ஸ், அதுக்குச் சொல்லுவீங்க. அவ்ளோதான். 2024 நவம்பர் ஆரம்பத்துல எஸ்இசிங்கற பெரிய கான்ஃபரன்ஸோட கமிஷனர் கிரெக் சாங்கி தாங்க முடியாம ஒரு கடுமையான மெமோ விட்டாரு, முதல் தடவைக்கு ஹெட் கோச்சுக்கு 50,000 டாலர், ரெண்டாவதுக்கு 1,00,000, மூணாவதுக்கு அடுத்த மேட்ச் கிடையாது. வருஷத்துக்கு மில்லியன் கணக்குல வாங்கற கோச்சுக்கு 50,000ங்கறது நம்ம ஊர்ல ஹெல்மெட் போடாததுக்குக் கட்டற ஃபைன் மாதிரி, ஆனா மூணாவது கொஞ்சம் வலிக்கும், ஒத்துக்கறேன்.

அப்புறம் 2025ல நீங்க கொண்டு வந்த ரூல். அடுத்த ப்ளேக்கு பந்த வச்சப்புறம் மெடிக்கல் ஆளுங்க உள்ள வந்தா அந்த டீமுக்கு ஒரு டைம்அவுட் காலி, டைம்அவுட் இல்லன்னா 5 யார்டு பெனால்டி. உண்மையச் சொல்லணும்னா இது நீங்க இதுவரைக்கும் எழுதினதுல உருப்படியான ரூல். யார் மனசுலயும் போய்ப் பாக்கல, கடிகாரத்தயும் பந்தயும் மட்டும் பாக்குது. எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா ஓட்ட எங்கன்னு கோச்சுங்க ஒரு வாரத்துல கண்டுபிடிச்சிருப்பாங்க, நானே பாப்கார்ன் சாப்ட்டுக்கிட்டே கண்டுபிடிச்சேன்: பந்த வைக்கறதுக்கு முன்னாடி விழு. ப்ளே முடிஞ்ச இடத்துலயே படுத்துக்கோ. அவ்வளவுதான், மறுபடியும் ஃப்ரீ.

என் வீட்டு விஷயத்துக்கு வர்றேன்.

போன செப்டம்பர், வியாழக்கிழமை, சாயங்காலம் ஆறு மணிக்கும் தார் ரோடு கொதிக்குது, ஸ்டாண்ட்ல அலுமினிய பெஞ்சுல உக்காந்தா பின்னாடி வெந்துரும், துண்ட மடிச்சுப் போட்டு உக்காந்திருக்கோம். எதிர் டீம் மூணாவது குவார்ட்டர்ல ஹர்ரி-அப், அதே டெம்போதான், போட்டு எங்க பசங்களப் பிழிஞ்சு எடுக்கறாங்க, ஏழெட்டு ப்ளே நிக்காம. என் பையன் ஒரு ரிசீவரத் துரத்திக்கிட்டு 30 யார்டு ஓடினான், நின்னான், அப்படியே உக்காந்து வலது கெண்டைக்கால ரெண்டு கையாலயும் பிடிச்சிக்கிட்டான். அடிபட்டவங்களப் பாத்துக்கற ட்ரெய்னர் பொண்ணு ஓடிப்போய் ஷூவக் கழட்டிச்சு. எங்க இருந்தே தெரியுது கால் விரல் அஞ்சும் உள்பக்கமா சுருட்டிக்கிட்டு நிக்குது, அந்தப் பொண்ணு தன் நெஞ்சுல அவன் பாதத்த வச்சு மேல தள்ளுது, அவன் முகம் பாக்க முடியல. அப்ப எனக்கு மூணு வரிசை பின்னாடி ஒரு ஆளு, அவரும் யாருக்கோ அப்பாதான், கைதட்டி சத்தமா சொல்றாரு, ஆஸ்கர் குடுங்கப்பா இவனுக்குன்னு. சுத்தி இருந்தவங்க சிரிச்சாங்க. பதினாலு வயசுப் பையன்ங்க. எந்திரிச்சு சண்ட போடலாம்னு பாத்தேன், வீட்டுக்காரி கையப் பிடிச்சு உக்கார வச்சுட்டா.

பிக்கிள் ஜூஸ் குடுத்தாங்க. நம்ம ஊறுகாய் இல்ல, வெள்ளரிக்கா ஊற வச்ச உப்பு வினிகர் தண்ணி. இது இங்க பெரிய வைத்தியம், 2000ல ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் இதக் குடிச்சிட்டுத்தான் எங்க ஊர் கவ்பாய்ஸ 41-14னு அடிச்சாங்க, 109 டிகிரி வெயில்ல, அந்த ஆட்டத்துக்கே பிக்கிள் ஜூஸ் கேம்னு பேரு. பையன் நொண்டிக்கிட்டே வெளிய போனான், ஒரு ப்ளே உக்காந்தான், ரூல் அதான், அப்புறம் அந்த ட்ரைவ், அதாவது எதிர் டீம் கைல பந்து இருந்த அந்த முழுச் சுத்து, முடிஞ்சப்புறம்தான் உள்ள வந்தான்.

வர்ற வழில காருல பர்கர் சாப்ட்டுக்கிட்டே சொல்றான்: "அப்பா, கோச் என் ஹெல்மெட்டத் தட்டி ஸ்மார்ட் ப்ளேன்னு சொன்னாரு." எனக்கு முதல்ல புரியல. நிஜமாவே பிடிச்சுக்கிச்சுன்னு சொல்ல வேண்டியதுதானடான்னு கேட்டா, "சொன்னேன்ப்பா, கண்ணடிச்சிட்டுப் போயிட்டாரு"ங்கறான்.

அந்தக் கண்ணடிப்பு எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கத்தக் கெடுத்துச்சு. பின்னாடி கத்தின ஆளுக்கு அது நடிப்பு, திட்டினாரு. எங்க கோச்சுக்கும் அது நடிப்பு, பாராட்டினாரு. என் பையனோட கெண்டைக்காலு நிஜமா சுருண்டுச்சாங்கறது அந்த மைதானத்துல ட்ரெய்னர் பொண்ணு ஒருத்திக்குத் தவிர யாருக்கும் தேவைப்படல.

இதே பெரிய அளவுல நடந்ததப் பாத்தீங்கல்ல. 2021 அக்டோபர், கின்னிக் ஸ்டேடியம், அயோவா நம்பர் 3, பென் ஸ்டேட் நம்பர் 4. பென் ஸ்டேட் பசங்க விழும்போதெல்லாம் மொத்த ஸ்டேடியமும் கூச்சல் போட்டுச்சு. ஏதோ பித்தலாட்டம் நடக்குதுன்னு எங்க ரசிகர்களுக்குத் தோணிருக்கும்ங்கற மாதிரி அயோவா கோச் கிர்க் ஃபெரன்ட்ஸ் பேசினாரு, பென் ஸ்டேட் கோச் ஜேம்ஸ் ஃப்ராங்க்ளின் பதிலுக்குக் கொதிச்சாரு. ரெண்டு பேர்ல யார் சரின்னு நான் தீர்ப்பு சொல்ல வரல, ஒருவேளை ரெண்டு பேருமே பாதிப் பாதி சரியா இருக்கலாம். ஆனா அன்னைக்கு பென் ஸ்டேட்டோட டிஃபென்சிவ் டேக்கிள், டீம் கேப்டன், அவர் வாங்கின அடி நிஜம். அந்த சீசன் முழுக்க அவர் திரும்பி வரவே இல்ல.

அதனால நடிப்பு எதுன்னு கண்டுபிடிச்சு தண்டனை குடுக்கலாம்ங்கற யோசனைய தயவு செஞ்சு விட்டுடுங்க. என்எஃப்எல் ட்ரை பண்ணிப் பாத்துச்சு, அவங்ககிட்ட இல்லாத கேமராவா, காசா. 2022 டிசம்பர்ல நியூ ஆர்லின்ஸ், டாம்பா பே ஆட்டத்துல கேமரன் ஜோர்டன் விழுந்தது நடிப்புன்னு முடிவு பண்ணி டீமுக்கு 3,50,000 டாலர், ஹெட் கோச்சுக்கு 1,00,000, இன்னொரு கோச்சுக்கு 50,000, ஜோர்டனுக்கு 50,000னு ஃபைன் போட்டாங்க, மொத்தம் 5,50,000. அப்பீலுக்குப் போனாங்க, அத்தனையும் ரத்து. மொத்த லீகும் சேந்து ஒரு ஆளோட பாதம் வலிச்சுதா இல்லையான்னு நிரூபிக்க முடியல, வெள்ளிக்கிழமை ராத்திரி டெக்சஸ் ஸ்கூல் கிரவுண்டுல விசில் ஊதற ரெஃப்ரி எப்படிங்க கண்டுபிடிப்பாரு? தசைப்பிடிப்பு, அதான் கிராம்ப், அதுக்கு ஸ்கேன் கிடையாது. பிடிச்சாப் பிடிச்சது, விட்டா விட்டது.

இன்னொண்ணும் சொல்லிடறேன், யோக்கியன் மாதிரி பேசக் கூடாதில்ல. 2024 டி20 உலகக்கோப்பைல ஆஃப்கானிஸ்தான் கோச் ஆட்டத்த மெதுவாக்குங்கன்னு சைகை காட்டினதும் ஸ்லிப்ல நின்ன குல்பதின் நைப் தொடையப் பிடிச்சிக்கிட்டு விழுந்தாரே, உலகமே சிரிச்சுது, நம்ம அஷ்வின் ரெட் கார்டு குடுங்கன்னு கிண்டல் பண்ணாரு, நானும் அத ஷேர் பண்ணேன். சில நாள் கழிச்சு ஃபைனல்ல தென்னாப்பிரிக்காவுக்கு 30 பந்துல 30 வேணும்ங்கும்போது பந்த் முட்டில டேப் போட ஆட்டத்த நிறுத்தினாரு, வேகத்தக் குறைக்க அது உதவிச்சுன்னு ரோஹித்தே பின்னாடி டிவி ஷோல சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. அத நான் புத்திசாலித்தனம்னு ஃபேமிலி குரூப்ல போட்டேன். எங்க கோச் கண்ணடிச்சதுக்கும் நான் அனுப்பின ஸ்மைலிக்கும் என்ன பெரிய வித்தியாசம்னு இப்போ தெரியல.

சரி, என்னதான்டா பண்ணச் சொல்றன்னு கேப்பீங்க.

விழறதுனால என்ன கிடைக்குதுன்னு பாருங்க, அத மட்டும் எடுத்துடுங்க. ஒருத்தன் விழுந்ததும் மத்த பத்துப் பேரும் எங்க போறாங்க? நேரா சைட்லைனுக்கு. கோச் ஒயிட்போர்ட எடுக்கறாரு, டேப்லெட்ல முந்தின ப்ளேயக் காட்டறாரு, களைச்சுப் போன ரெண்டு தடியனுங்கள வெளிய இழுத்துட்டு ஃப்ரெஷ்ஷா ரெண்டு பேர அனுப்பறாரு. வலிச்சவனுக்கு ட்ரெய்னர் வேணும், நியாயம். மத்த பத்துப் பேருக்கு ஒயிட்போர்ட் எதுக்கு? என் பையன் விழுந்த அன்னைக்கும் அதான் நடந்துச்சு, அவன் தரைல துடிக்கறான், பத்தடி தள்ளி கோச் அம்புக்குறி போட்டுக்கிட்டிருக்காரு, ஒருத்தன் கூட இவன் பக்கம் திரும்பல.

இப்படி எழுதுங்க: அடிபட்டதுக்காக ஆட்டம் நின்னா, அடிபட்டவனுக்குப் பதிலா ஒரே ஒரு ஆள் உள்ள வரலாம். வேற யாரையும் ரெண்டு டீமும் மாத்தக் கூடாது. மத்த பத்துப் பேரும் நின்ன இடத்துலயே நிக்கணும், தண்ணி அவங்க இருக்கற இடத்துக்கு வரட்டும், டெக்சஸ் வெயில்ல தண்ணி குடுக்காதன்னு நான் சொல்ல மாட்டேன். கோச் பேசக் கூடாது, காலேஜ் பெரிய டீமுங்க ஹெல்மெட்டுக்குள்ள ரேடியோ வச்சு ஒரு ஆளுகிட்ட பேச 2024லதான விட்டீங்க, அடுத்த ப்ளேய ஆரம்பிக்கற கெடு முடிய 15 செகண்ட் இருக்கும்போது தானா அத அணைக்கத் தெரியுதில்ல, இப்பவும் அணைச்சு வைங்க. அடிபட்டவன் வெளிய போனதும் ரெஃப்ரி விசில் ஊதுவாரு, அதே களைச்ச பத்துப் பேரு, அதே வேகம், ஆட்டம் ஓடட்டும்.

இதுல மூச்சு வாங்கற நேரம் மட்டும் டிஃபென்ஸுக்குக் கிடைக்கத்தான் செய்யும். அத என்னால ஒண்ணும் பண்ண முடியல, யோசிச்சுப் பாத்துட்டேன். ஆனா அதே மூச்சு அஃபென்ஸுக்கும்தான் கிடைக்குது, ஸோ பரவால்ல. ஆட்டம் முடியற நேரத்துல கடிகாரத்த நிறுத்த அஃபென்ஸ் ஆளு விழுவானேன்னா, அதுக்கு உங்ககிட்ட ஏற்கனவே 10 செகண்ட் கழிக்கற ரூல் இருக்கு.

விழுந்தவன மொத்த ட்ரைவுக்கும் வெளிய உக்கார வைங்கன்னு ஒரு யோசனை பல பேர் சொல்றாங்க, உங்க டேபிளுக்கும் அது கட்டாயம் வந்திருக்கும். தயவு செஞ்சு அதுக்கு மட்டும் கை தூக்காதீங்க. கேக்க நியாயமா இருக்கும். ஆனா நிஜமா அடிபட்டவனுக்கு அது விழாதேன்னு சொல்ற ரூல். பதினாலு வயசுப் பையன், எத்தனையோ மாசம் காலைல அஞ்சு மணிக்கு எந்திரிச்சு எடை தூக்கி அந்த ஸ்டார்ட்டர் இடத்த வாங்கினவன், தலைல இடி வாங்கிக் கண்ணு ரெண்டா தெரியுதுன்னா கூட, இப்ப உக்காந்தா ட்ரைவ் முழுக்கப் போச்சு, நம்ம இடத்துல இன்னொருத்தன் வந்துருவான்னு கணக்குப் போட்டு நின்னுருவான். பெரியவங்களே அப்படித்தான். மயாமி குவார்ட்டர்பேக் டுவா டாகோவைலோவா 2022 செப்டம்பர் 25ம் தேதி தலை தரைல மோதி எந்திரிச்சு நடக்கும்போதே தள்ளாடினாரு, முதுகுவலின்னு சொல்லி அதே ஆட்டத்துல திரும்ப ஆட விட்டாங்க, நாலே நாள் கழிச்சு அடுத்த ஆட்டத்துல அடிபட்டு விரல் எல்லாம் விறைச்சுப் போய்க் கிடந்தாரு, பாத்தவங்களுக்கு மறக்காது. அதுக்கப்புறம்தான் தள்ளாட்டம் தெரிஞ்சாலே திரும்ப ஆடக் கூடாதுன்னு என்எஃப்எல் ரூல மாத்துச்சு.

அந்த விஷயத்துல என்எஃப்எல் பண்ண ஒரு நல்லத நீங்க பாக்கலாம். 2015 சூப்பர் பவுல்ல ஜூலியன் எடல்மேன் வாங்கின அடியப் பாத்தப்புறம், மேல பாக்ஸ்ல உக்காந்திருக்கற ட்ரெய்னரே ஆட்டத்த நிறுத்தலாம்னு கொண்டு வந்தாங்க, டைம்அவுட் எந்த டீம் கணக்குலயும் போகாது. விழணுமா வேண்டாமான்னு ஆடறவன் யோசிக்கவே வேண்டாம், மேல இருந்து ஒருத்தர் பாத்துச் சொல்லுவாரு. ஸ்கூல் கிரவுண்டுல அந்த வசதி எல்லாம் வராது, எனக்குத் தெரியும், எங்க பிரஸ் பாக்ஸ்ல மைக்கே பாதி நேரம் வேலை செய்யாது. ட்ரெய்னர் கைக்கு ஒரு விசிலாவது குடுங்கன்னு கேக்கறேன்.

கடைசியா ஒண்ணு, இதுக்காகத்தான் மொத்த மடலும்.

அந்த ஆஸ்கர் கூச்சலுக்கு ரெண்டு வாரம் கழிச்சு இன்னொரு மேட்ச். ரெண்டாவது குவார்ட்டர்ல ஒரு டேக்கிள்ல பையனோட இடது கணுக்கால் மேல ஒருத்தன் விழுந்துட்டான். எந்திரிச்சான். நொண்டறான்னு எனக்குத் தெரியுது, வீட்டுக்காரிக்குத் தெரியுது, ட்ரெய்னர் பொண்ணு வேற ஒரு பையனுக்கு டேப் சுத்திக்கிட்டிருந்துச்சு. நாலு ப்ளே அப்படியே ஆடினான். நாலாவதுல ஒரு ரிசீவர் இவனத் தாண்டி ஓடி டச்டவுன் போட்டான், அப்பதான் தானா வெளிய வந்தான். வீட்டுக்கு வந்து சாக்ஸ உருவினா கணுக்கால் பன்னு மாதிரி வீங்கிக் கிடக்கு, வெளிப்பக்கம் நீலம். ஏன்டா விழுந்து உக்காரலன்னு கேட்டேன். ஐஸ் பாக்கெட்ட அழுத்திக்கிட்டே போன பாத்துக்கிட்டு சொல்றான், "எல்லாரும் சிரிப்பாங்கப்பா."

கணுக்கால் அசையாம இருக்கப் போடற மெடிக்கல் பூட்ட மூணு வாரம் போட்டுட்டுத் திரிஞ்சான். இப்ப சரியாயிடுச்சு. ஆகஸ்ட்ல ப்ராக்டிஸ் ஆரம்பிக்குது, அதுக்குள்ள உங்க மீட்டிங் ஒண்ணு இருக்கும்ல.

இப்படிக்கு,
டெக்சஸ்ல ஒரு கார்னர்பேக்கோட அப்பா